பாதம் எரிகிறதா?

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை ரசித்துச் சாப்பிடுகிறோம். அதைச் சுடுவெயிலில் உலர்த்தும் பெண்களின் பாதங்களை நினைத்ததுண்டா, சகோதரிகளே?

சுடுதரையின் சூடு உறைக்கவில்லை, இராத்திரியில் மட்டும் பாதம் திகுதிகுவென்று எரிகிறது என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், “மனப்பிரமை” என்று தள்ளிவிடாதீர்கள். சூட்டையும் வலியையும் உணர்த்தும் நுண்ணிய நரம்புகள் பழுதாகியிருக்கலாம். வழக்கமான மின்சாரப் பரிசோதனை பருத்த நரம்புகளையே சோதிக்கும். இந்தக் கோளாறு அதில் அகப்படாது. கணுக்காலுக்கு மேல் 3 மில்லிமீட்டர் தோல் எடுத்துப் பார்த்தால் புலப்படும்.

பல பேருக்குச் சர்க்கரை வியாதியே காரணம். அதை அடக்கினால் சேதம் மட்டுப்படும். பி12 சத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். எரிச்சல் தணிய டாக்டரிடம் மருந்து உண்டு.

தினமும் பாதத்தைப் பாருங்கள். செருப்பில்லாமல் வெயிலில் இறங்காதீர்கள். கால் உணராததைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும்!