கடைசிச் சொட்டு வேண்டாம்!

"உடலில் கடைசிச் சொட்டு இரத்தம் உள்ளவரை போராடுவோம்!" நாம் முழங்காத முழக்கமா? கேட்டுக் கையொலி எழுப்பாத கூட்டமா? முழங்கியோரில் நாமும் உண்டு என்பதால், உரிமையோடு கேட்கிறோம்: தோழர்களே, உங்கள் உடலில் ஓடும் இரத்தம் எவ்வளவு?

விடை வராது. வயலின் அளவு தெரியும். வாங்கும் கூலியின் அளவும், அது போதாது என்பதும் தெரியும். நம்மை நடமாட வைக்கும் செந்நீரின் அளவு மட்டும் தெரியாது. அதனால்தான் மேடையிலே வீரம். இரத்த வங்கி வாசலிலே நடுக்கம்!

கணக்கைக் கேளுங்கள். எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 70 மில்லி. 60 கிலோ எடையுள்ள உழைப்பாளியிடம் 4,200 மில்லி. அதில் 100க்கு 15 பங்கு வரை போனால் நல்ல உடல் தாங்கும். 30ஐ நெருங்கினால் நாடி விரைந்தோடும், வியர்த்துக் கொட்டும். 40ஐத் தாண்டினால், உடனடி மருத்துவம் இல்லையேல் உயிர் தங்காது. பாதி வடியுமுன்பே ஆள் சாய்கிறான். கடைசிச் சொட்டு சிந்தியவன் எங்கே இருக்கிறான்?

இரத்த வங்கி கேட்பதோ 350 மில்லி. 100க்கு 8 பங்கு! நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிரம்பும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள். எடை 45 கிலோவுக்குக் குறைந்தாலோ, சோகை இருந்தாலோ எடுக்கவே மாட்டார்கள்.

"எங்கள் இரத்தத்தைத்தான் ஏற்கெனவே உறிஞ்சுகிறார்களே, இதுவும் வேண்டுமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்நாட்டில் ஏழை காசுக்கு இரத்தம் விற்றான். பசிக்கு இடைவெளி தெரியுமா? ஊறுமுன்பே மீண்டும் விற்றான், உருக்குலைந்தான். 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 சனவரி முதல் அந்த விற்பனைக்குத் தடை வந்தது. விற்கும் கையைச் சட்டம் தடுத்தது. கொடுக்கும் கையைச் சட்டம் படைக்குமா? அது தோழமையின் வேலையல்லவா!

பிள்ளை பெற்ற தாய்க்கு 500 மில்லிக்கு மேல் போனாலே மருத்துவர் விழிப்படைகிறார். எந்திரத்தில் கை சிக்கிய தோழனுக்கோ நிமிடமும் உயிர். அவர்களுக்கு வேண்டிய இரத்தத்தைச் செய்து தர ஆலை ஏதும் இல்லை. மனித உடல்தான் ஆலை. அதன் தொழிலாளியும் முதலாளியும் நாமே! பையின் மீது ஏ, பி, ஓ என்று வகை எழுதுகிறார்கள், சாதி எழுதுவதில்லை.

கடைசிச் சொட்டை எவரும் கேட்கவில்லை, தோழர்களே! 350 மில்லி போதும். அதைக் கொடுத்துவிட்டு மேடையேறுவோம், பிறகு முழங்குவோம்!