கேட்டிருந்தால் போதுமே!



மனிதன் எதை எண்ண வேண்டும் என்பதையும் மேலிடமே தீர்மானிக்கும் ஒரு கொடிய அரசைக் கற்பனை செய்து, ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1949-ஆம் ஆண்டில் ஒரு நாவலை வெளியிட்டார். '1984' என்னும் அந்நாவலை மைக்கேல் ராட்ஃபோர்டு என்ற இயக்குநர் அதே 1984-ஆம் ஆண்டில் படமாக்கினார். ஜான் ஹர்ட் கதாநாயகனாக நடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் காலமான ரிச்சர்டு பர்ட்டனுக்கு அதுவே கடைசித் திரைப்படம்.

படத்துக்கு டொமினிக் மல்டவுனி என்பவர் வாத்தியக் குழு இசைப்பதற்குரிய இசையை அமைத்திருந்தார். ஆனால் பணம் முதலீடு செய்த விர்ஜின் நிறுவனமோ, மக்களிடையே புகழ்பெற்றிருந்த யூரித்மிக்ஸ் என்னும் குழுவினரின் இசையை விரும்பியது. ஆனி லெனாக்ஸ், டேவ் ஸ்டுவர்ட் ஆகிய அவ்விருவரின் இசை படத்தில் சேர்க்கப்பட்டது. நவம்பரில் தனி இசைத்தட்டாகவும் வெளிவந்தது. மல்டவுனியின் உழைப்பில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது.

இயக்குநர் மனம் புழுங்கினார். விருது பெற்ற மேடையிலேயே, இவ்விசை தம்மீது திணிக்கப்பட்டது என்று முறையிட்டார். யூரித்மிக்ஸ் குழுவினரோ, தாங்கள் நல்லெண்ணத்துடனேயே அப்பணியை ஏற்றதாகவும், வேறொருவர் முன்னரே இசையமைத்திருந்ததைத் தாங்கள் அறியவில்லை என்றும் கூறினர்.

அந்த இசைத்தட்டைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. உழைத்தவரைக் கலந்து பேசாமல் மேலிருந்து முடிவெடுப்பதன் தீமையைச் சொல்ல வந்த படத்திற்கே அவ்விதம் நேர்ந்ததே! அதுவே நம்மைச் சிந்திக்க வைத்தது.

சிந்திக்கையில் நம் நெஞ்சமே நம்மைக் குற்றஞ்சாட்டியது. ஒருமுறை பங்குத் திருவிழாவுக்கென முதியவர் ஒருவர் ஒரு மாதமாகப் பிள்ளைகளைப் பாடலுக்குப் பழக்கினார். நாமோ கூட்டத்தை எண்ணி, நகரத்திலிருந்து இசைக்குழு ஒன்றை அமர்த்தினோம். முந்தின நாள்தான் அவருக்குச் சொன்னோம். "நல்லது சாமி" என்றார். திருவிழாப் பலியின்போது கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

பீடத்தில் காணிக்கை செலுத்துமுன் மனத்தாங்கலுள்ள சகோதரனுடன் ஒப்புரவாகு என்று ஆண்டவர் கட்டளையிட்டதைப் பிறருக்குப் போதிக்கும் நாம், நெடுநாள் கழித்தே அவர் வீட்டுக்குச் சென்றோம். "ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே சரியென்று சொல்லியிருப்பேன், சாமி" என்றார் அவர். நாம் தலைகுனிந்தோம்.

பெற்றோரே, மகளின் படிப்பையும் மணத்தையும் அவளைக் கேளாமல் முடிவு செய்கிறீர்களா? பிள்ளைகளே, முதிய தாய் எவர் வீட்டில் தங்குவது என்பதை அவர் இல்லாத இடத்தில் பேசி முடிக்கிறீர்களா? நன்மைக்காகவே செய்தோம் என்பீர்கள். நாமும் அவ்வாறே எண்ணினோம்.

இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்தபின், நீங்கள் கேளாது விட்டவரிடம் போய் அமர்ந்து, அவர் சொல்வதை முழுதும் கேளுங்கள்.