கிழிந்த இடத்தில் பூவேலை

முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் கடைகளில் புதிதாகவே விற்கப்படுகிறது. நம் வீட்டில் உள்ள ஜீன்ஸ் உண்மையாகவே கிழிந்துவிட்டாலோ, அதை ஒதுக்கிவிட்டு அந்தப் புதிய கிழிசலை விலை கொடுத்து வாங்குகிறோம். இது முறையன்று என்பது என் கருத்து. கிழிந்த ஆடையிலேயே நம் கையால் பூவேலை செய்து, வேறு துணிகளை இணைத்து உடுத்தலாம், அதுவே அழகு.

புதிய ஆடையைப் பழையதுபோல் ஆக்குவதற்கு யாரோ ஒருவர் உழைக்க வேண்டும். நீல நிறம் மங்குவதற்காகத் தொழிலாளர்கள் துணியின்மீது மணலை மிகுந்த விசையுடன் பீய்ச்சி அடித்தனர். அந்த மணல்தூசு நுரையீரலில் படிந்து, துருக்கி நாட்டில் இளந்தொழிலாளர் பலர் நோயுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. 2009ஆம் ஆண்டில் அந்நாடு இம்முறையைத் தடை செய்தது. இப்பொழுது வேறு முறைகளும் வந்துள்ளன. ஆயினும், உடுத்த உடுத்தத் தானே வெளுக்கும் துணியை வெளுப்பதற்கு இத்தனை பாடு எதற்கு?

டெனிம் துணியின் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. முழங்கால் தேயும்போது நீல நூல்கள் முதலில் அறுந்துபோக, வெள்ளை நூல்கள் குறுக்கே தனித்து நிற்கும். அவற்றை வெட்டக் கூடாது. உட்புறம் ஒரு பருத்தித் துணியை வைத்து, ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தி வரிசை வரிசையாக ஓட்டுத்தையல் போட்டால் கிழிசல் பரவாது. ஜப்பானிய உழவர்கள் அவுரிநீலத் துணியை வெள்ளை நூலால் இவ்வாறே தைத்து உறுதிப்படுத்தினர். 'சஷிகோ' என்னும் அத்தையல் இன்று கலையாகப் போற்றப்படுகிறது. வங்காளத்தின் 'காந்தா' தையலும் பழைய புடவைகளை அடுக்கித் தைத்ததில் பிறந்ததே. அதற்கு வேண்டிய நூலைக்கூடப் புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தனர். வறுமைதான் இக்கலைகளை வளர்த்தது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒட்டுவதற்குத் துணி எங்கே கிடைக்கும்? தில்லி ஜன்பத் சாலையோரத்தில் குஜராத்திப் பெண்கள் கண்ணாடி பதித்த பூவேலைத் துணிகளை விற்கின்றனர். அதில் ஒரு துண்டும், அம்மாவின் பழைய மதுரைச் சுங்குடிப் புடவையில் ஒரு துண்டும் ஒரே ஜீன்ஸ் மேற்சட்டையின் முதுகில் இடம்பெறலாம். நாம் வாழும் ஊரும் வந்த ஊரும் அங்கே அருகருகே இருக்கும். பட்டுத்துணி மட்டும் வேண்டா. டெனிமுக்குரிய துவைப்பை அது தாங்காது. புதிய பருத்தித் துணியாயின், முதலில் நனைத்து உலர்த்துக. இல்லையேல் பின்னர் சுருங்கித் தையலை இழுக்கும்.

ஊசியும் நூலும் பெண்களுக்கே உரியவை என்று சில மாணவர்கள் நகைக்கின்றனர். லக்னோவிலும் பழைய தில்லியிலும் ஜரிகைப் பூவேலை செய்யும் ஆண்களை அவர்கள் கண்டதில்லை போலும்.

நேரம் இல்லை என்பதே வலுவான மறுப்பு. ஒரு முழங்காலுக்கு இரண்டு மாலைப்பொழுதுகளேனும் வேண்டும். தடித்த துணியில் ஊசி தள்ளி விரலும் வலிக்கும். ஆகவே முதல் முயற்சியைச் சிறியதாக, பையின் மேல் ஒரு பூவாக வைத்துக்கொள்ளலாம். தைக்கும்போது பைக்குள் ஓர் அட்டையைச் செருகிக்கொள்க. நான் அதை மறந்து, பையின் இரு பக்கங்களையும் சேர்த்தே தைத்துவிட்டேன். பூ நன்றாகத்தான் இருந்தது. கைதான் உள்ளே நுழையவில்லை.