தொழில் இரகசியமும் தொழிலாளியின் உயிரும்

ஆராய்ச்சிப் பலன்களையும் தொழில் இரகசியங்களையும் அந்நியர் களவாடுவதைத் தடுக்கத் தனிச் சட்டம் வேண்டுமென்று இந்திய சட்டக் கமிஷன் 2024 மார்ச்சு மாதத்தில் தனது 289-வது அறிக்கையில் சிபாரிசு செய்திருக்கிறது. இதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் எது இரகசியம், யாரிடமிருந்து இரகசியம் என்பதை நம் மக்கள் பகுத்தறிவைக் கொண்டு யோசிக்க வேண்டாமா?

சூலக்கரை, சாத்தூர், சிவகாசித் தோழர்களுக்கு இது தூரத்துச் சங்கதியல்ல. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு பசுமைப் பட்டாசுக்கே இடமுண்டு என்றது. அதற்கான மருந்துக் கலவைகளை நாகபுரியிலுள்ள நீரி ஆராய்ச்சி நிலையம் பொதுஜனப் பணத்தில் உருவாக்கி, வெளியிடுவதில்லை என்று கையெழுத்து வாங்கிக் கொண்டே கம்பெனிகளுக்குக் கொடுத்தது. அதை ஓர் அந்நியக் கம்பெனி ஆள் பிடித்துக் கடத்துமானால் அது திருட்டேயாகும்.

நிற்க, 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்திராவிட்டால் இன்றைய சிவகாசி ஏது? கற்பது வேறு, களவாடுவது வேறு. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாஸ்திரம் வழங்கிய நாட்டில், அறிவைப் பூட்டுவதென்றால் நாம் விழிப்பாயிருக்க வேண்டியது அவசியமேயாகும்.

மருந்து கலக்கும் தோழனுக்கு, தன் கையிலுள்ளது எதனால் தீப்பிடிக்கும் என்று தெரியக் கூடாதா? 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் கருகின. அது தலைவிதியா? கலவையின் அளவு முதலாளியின் இரகசியமாயிருக்கட்டும். அதிலுள்ள ஆபத்து யாருடைய இரகசியமாகவும் இருக்கக் கூடாது. பொது நன்மைக்காக உண்மையை வெளியிடுவோருக்கு விலக்களிக்க வேண்டுமென்று கமிஷனே சொல்லியிருப்பதைச் சர்க்கார் கைவிடலாகாது. தொழிலாளியின் கைத்திறன் அவனுடைய சொத்து. அவன் வேறு ஆலைக்குப் போனால் திருடன் என்பது அயோக்கியத்தனம்.

மற்றொன்று. 1994-ல் விஞ்ஞானி நம்பி நாராயணன் இராக்கெட் இரகசியத்தை விற்றதாகச் சிறையிலடைத்தார்கள். பத்திரிகைகள் கதை கட்டின, ஜனங்கள் நம்பினார்கள். 1996-ல் சி.பி.ஐ. அது பொய் என்றது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 50 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. போன மானத்துக்கும் போன வருஷங்களுக்கும் அது ஈடாகுமா?

ஆதலால் தோழர்களே! சட்டம் வரட்டும். திருடனைப் பிடிக்கட்டும். ஆனால் ருஜுவில்லாமல் ஒருவனையும் ஒற்றன் என்னாதீர்கள்; தன் உயிரைக் காக்கும் அறிவை ஒரு தொழிலாளிக்கும் மறைக்க விடாதீர்கள்.