காளானா, நாய்க்குடையா?



இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால், நெய்யாற்றங்கரை, பாறசாலை வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களிலும் காவுகளிலும் காளான் தலைநீட்டும். இடி இடித்த மறுநாட் காலையில் கூடையுடன் புறப்படுவது இந்நாட்டு மக்கள் பலரின் வழக்கம். பிழைப்பு நாடித் தனுவச்சபுரம் வந்து சேர்ந்த நம் குடும்பங்களும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டுவிட்டன. பழந்தமிழர் ஆம்பி என்று வழங்கிய பொருள் நமக்குப் புதியதன்று. ஆயினும் ஊர் மாறினால் மண் மாறும். மண் மாறினால் அதில் முளைப்பனவும் மாறும். அது குறித்தே இத்திங்கள் சில சொற்கள்.

சென்ற ஞாயிறன்று சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுடன் நாம் ஒரு தோட்டத்தினூடே நடந்து சென்றோம். மூவகைக் காளான்கள் கண்ணிற்பட்டன. முதலாவது, கறையான் புற்றின்மேல் முளைத்த புற்றுக்காளான். அதன் குடை நடுவில் கூம்பியிருக்கும். தண்டோ வேர்போல் நீண்டு மண்ணுக்குள் இறங்கிப் புற்றின் உள்ளறையைத் தொடும். கறையான், மரத்தூளையும் சருகையும் கொண்டு புற்றினுள் தோட்டம் அமைத்து, இப்பூஞ்சையைப் பயிரிட்டு உண்கிறது. இவ்வினத்துக்கு 1942-இல் பெயரிட்டவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹெய்ம். 1979-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து அறிஞர் நடராசன் இதில் புதிய வகையொன்றை விவரித்து, அதற்கு ஹெய்ம் அவர்களின் பெயரையே சூட்டினார். இரண்டாவது, அரிசி இறைத்தாற்போல் தரையெங்கும் பரவிக் கிடந்த சிறு காளான். மலையாள அன்பர்கள் அதனை அரிக்கூண் என்பர். அதுவும் கறையானின் உறவே.

மூன்றாவதுதான் கவலை தந்தது. புல்வெளியில், சாப்பாட்டுத் தட்டளவு விரிந்த வெண்குடை. மேலே பழுப்புச் செதில்கள். தண்டில் ஒரு வளையம். சிறுவர்கள் மடி நிறையப் பறித்துவிட்டனர். "எங்கள் ஊரில் இதைத் தின்றுதானே வளர்ந்தோம்!" என்றார் உடன் வந்த ஆச்சி ஒருவர். அவர் சொல்லை மறுக்க எவருக்கும் மனம் வரவில்லை. ஒருநாள் பொறுத்துச் சமைக்கலாம் என்று மட்டும் நாம் வேண்டிக்கொண்டோம். அன்றிரவு ஒரு குடையை வெள்ளைத்தாளின்மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடிவைத்தோம். விடிந்து பார்த்தால் தாளில் மங்கிய பச்சைநிறத் தூள் படிந்திருந்தது. கேரளத்தில் பரவலாகக் காணப்படும் நச்சுக்காளான் ஒன்றின் அடையாளம் அது. உண்டவர்க்குச் சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும். இளமையில் அதன் அடியிதழ்கள் வெள்ளையாகவே இருப்பதால் கண் ஏமாறும். தாளைக் கண்ட ஆச்சி, தாமே அனைத்தையும் குழிதோண்டிப் புதைத்தார்.

நிற்க. ஊர் மாறியோர்க்கு நேரும் இடர் இது என்பதற்கு உலகச் சான்றும் உண்டு. நம் நாட்டில் வைக்கோலில் வளர்க்கப்படும் வைக்கோற்காளான் கிழக்காசிய மக்களுக்கும் பழகிய உணவு. அதன் இளம்மொட்டைப் போன்றே தோன்றுவது சாக்காளான் எனத்தகும் கொடியது. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில், 2011-ஆம் ஆண்டின் இறுதி இரவு விருந்தில் அதனை உண்டோருள் இருவர் 2012 ஜனவரியில் மாண்டனர். சமைத்தவர் சீனத்திலிருந்து குடியேறிய சமையற்காரர். நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில், அசாமில் காட்டுக்காளான் உண்டு பதின்மூவர் இறந்தனர்; பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

இக்கொடிய வகையின் வஞ்சம் யாதெனில், உண்டபின் ஆறு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஒன்றும் தோன்றாது. பின்னர் வாந்தியும் பேதியும் காணும்; அவை தணிந்து, நோய் நீங்கியது போலவும் இருக்கும். அவ்வேளையில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்நஞ்சு நீங்காது.

மஞ்சளுடன் வேகவைத்து நிறம் பார்ப்பதும், வெள்ளிக்காசு கறுக்கிறதா என்று சோதிப்பதும், பூச்சி தின்றது நமக்கும் ஆகும் என்று எண்ணுவதும் பயனற்றவை. நிலையத்தில் பயணச்சீட்டைப் பார்ப்பவர் அதன் நிறத்தை மட்டும் பார்த்து விடுவதில்லை. ஊரும் நாளும் ஒத்திருத்தல் வேண்டும். காளானுக்கும் அவ்வாறே. முளைத்த இடம், தண்டின் வளையம், அடியிலுள்ள கிண்ணம், இதழின் நிறம், தூளின் நிறம் யாவும் ஒருங்கே ஒத்துவர வேண்டும். அடிக்கிண்ணம் மண்ணுக்குள் மறைந்திருக்குமாதலால், கிள்ளாமல் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். தூளின் நிறம் நன்றாயிருப்பது ஒன்றே போதாது. சாக்காளானின் தூளும் வெள்ளையே.

தாய்மார்களுக்கு நம் வேண்டுகோள் இவை. புற்றுக்காளானையும், இவ்வூரில் பல்லாண்டு பறித்துப் பழகியவர் நேரில் காட்டித் தந்தாலன்றி அடுப்பேற்ற வேண்டா. ஐயம் ஒன்று எழுந்தாலும் புதைத்துவிடுக. உண்டபின் வாந்தி கண்டால், நின்றுவிட்டதென்று வீட்டில் காத்திராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைக. கற்க விரும்பும் இளைஞர்க்கு, 1979-இல் தோன்றிய ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரத்தோட்ட ஆராய்ச்சி நிலையம் நம் மாவட்டத்துப் பாலோட்டிலேயே உள்ளது. அங்குக் காளான்களையும் ஆராய்கின்றனர்.

பிறந்த ஊரின் சுவையை மறத்தல் வேண்டா. வந்த ஊரின் மண்ணை அறியாமல் அச்சுவையைத் தேடுதலும் வேண்டா.