நோய்க் குறிப்பைக் காப்பது யார் கடமை?

நம் இல்லங்கள் பலவற்றில் பீரோவின் மேல்தட்டில் ஒரு துணிப்பை இருக்கும். மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே படங்கள் ஆகிய அனைத்தும் அதனுள் மடங்கிக் கிடக்கும். யாருடையது எது, முந்தியது எது, பிந்தியது எது என்பது திறந்து பார்ப்பவருக்கு எளிதில் விளங்காது. நள்ளிரவில் முதியவர் ஒருவரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்லும்போது, அப்பை வீட்டிலேயே தங்கிவிடுவதும் உண்டு. "இவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?" என்று மருத்துவர் வினவினால், உடன் சென்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். பென்சிலின் ஒவ்வாதவருக்கு அக்கேள்விக்குரிய விடையில் உயிரே அடங்கியிருக்கக்கூடும்.

இக்குறையைப் போக்க எழுந்ததே மின்னணு மருத்துவப் பதிவேடு. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட், மருத்துவக் குறிப்புகளைக் கண்டபடி எழுதிச் சேர்க்காமல், நோயாளியின் ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனியே வகுத்து எழுத வேண்டும் என்று வலியுறுத்தினார். பின்னர் அம்முறையைக் கணிப்பொறியில் அமைக்கவும் அவர் முனைந்தார். குறிப்பு ஒழுங்காக இல்லையெனில் சிகிச்சையும் ஒழுங்காக இராது என்பது அவர் கண்ட உண்மை.

நம் நாட்டிலும் இம்முயற்சி புதியதன்று. மருத்துவர் ஒழுக்கம் பற்றிய 2002ஆம் ஆண்டு விதிகள், உள்நோயாளிகளின் குறிப்புகளை 3 ஆண்டுகள் காக்க வேண்டும் என்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அவற்றைத் தர வேண்டும் என்றும் கூறுகின்றன. குறிப்புகளைக் கணிப்பொறியில் ஏற்ற முயல வேண்டும் என்பதும் அவ்விதிகளிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் தாய்மையுற்ற பெண்கள் 'பிக்மி' பதிவின் வழியே 12 இலக்க எண் பெறுவதை நம் தாய்மார்கள் அறிவர். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. அதன்படி விரும்பும் ஒவ்வொருவருக்கும் 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண் தரப்படுகிறது. சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீட்டு அட்டை வேறு, இவ்வெண் வேறு. பலர் இரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாற்றம் அடைகின்றனர்.

இவ்வேற்பாடு செயல்படும் விதத்தை நம் பங்கு வாழ்விலிருந்தே விளக்கலாம். ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் அளித்ததும் பங்கின் பதிவேட்டில் அதன் பெயர் எழுதப்படுகிறது. அக்குழந்தை வளர்ந்து வேறோர் ஊரில் திருமணம் புரிந்தால், அச்செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு அனுப்பப்பட்டு அதே பெயரின் ஓரத்தில் குறிக்கப்படுகிறது. மனிதர் எங்குச் சென்றாலும் குறிப்பு அவரைத் தொடர்கிறது. புதிய எண்ணும் அத்தகையதே. குறிப்புகள் யாவும் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை எழுதப்பட்ட மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி இசைவு தந்தால் மட்டுமே வேறொரு மருத்துவர் அவற்றைக் காண முடியும். தந்த இசைவைத் திரும்பப் பெறவும் இயலும். மேலும், ஒரே பங்கில் எத்தனை அந்தோணிகள், எத்தனை மேரிகள்! பெயரை மட்டும் நம்பி ஒருவர் குறிப்பை மற்றொருவருக்கு உரியதெனக் கொள்ளும் பிழையையும் தனி எண் பெரிதும் குறைக்கும்.

ஆயினும், நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது முறையன்று. 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளுக்குள் இணையத் திருடர் புகுந்து தரவுகளைப் பூட்டினர். நாட்டின் தலைசிறந்த அம்மருத்துவமனையில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நோயாளிகளின் பதிவுகள் கையால் எழுதப்பட்டன. ஆகவே, கணிப்பொறி வந்துவிட்டது என்று காகிதத்தை எறிந்துவிடுவது அறிவுடைமை ஆகாது.

இதனினும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது வீட்டிற்குள்ளேயே உள்ளது. முதிய தாயின் எண் பெரும்பாலும் மகனின் கைப்பேசியோடு இணைக்கப்படுகிறது. மனைவியின் எண் கணவரின் கைப்பேசியோடு இணைகிறது. வசதி கருதிச் செய்யும் இச்செயலால், ஒருவர் மருத்துவரிடம் மட்டும் கூற விரும்பிய செய்தி மற்றவர் கண்ணில் படலாம். மன நோய்க்குச் சிகிச்சை பெற்றவர், காச நோயிலிருந்து குணமடைந்தவர், மகப்பேறு இன்றி வருந்துபவர் ஆகியோர் நம்மிடையே எத்துணை அச்சத்துடன் வாழ்கின்றனர் என்பதை நாம் அறிவோம். பெண் பார்க்கும் வேளையில் அத்தகைய செய்தி ஒன்று கசிந்தால் ஒரு பெண்ணின் வாழ்வே நிலைகுலையும். வெளியாரிடமிருந்து காக்க 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆனால் உறவினரின் ஆவலிலிருந்து காக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதனைக் குடும்பத்தின் பண்பாடே செய்ய வேண்டும்.

எனவே குடும்பத் தலைவர்களுக்கும் தலைவியருக்கும் நாம் சில கூறுவோம். எண் பெறுவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். பெறுவதாயின் பெயர், வயது, பிறந்த நாள் ஆகியவை பிழையின்றி உள்ளனவா என்று அன்றே பாருங்கள். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை முன்பின் அறியாதவரிடம் கூறாதீர்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கூடுமானவரை அவரவர் கைப்பேசியையே இணையுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களிடம், "அம்மா, இந்தக் குறிப்பை அந்த டாக்டர் பார்க்கலாமா?" என்று கேட்டு, அவர்கள் சம்மதித்த பின்னரே பொத்தானைத் தொடுங்கள். அந்த ஒரு கேள்வியில் அவர்களுடைய மானம் காக்கப்படுகிறது.

துணிப்பையையும் கைவிட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வாங்கி, தாள்களை நாள் வாரியாக அடுக்குங்கள். முதல் பக்கத்தில் இரத்த வகை, நாள்தோறும் உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், செய்துகொண்ட அறுவைகள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.

மருத்துவர்களிடமும் நமக்கொரு வேண்டுகோள் உண்டு. திரையில் எழுத்துகளை ஏற்றும் பரபரப்பில் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைக் காணாமல் இருந்துவிட வேண்டாம். இரத்த அழுத்தம் எவ்வளவு என்பதைத் திரை காட்டும். அது ஏன் ஏறிற்று என்பதை நோயாளியின் வாய்ச்சொல்தான் கூறும்.