வேலி போட்டார்கள்; வண்ணத்துப் பூச்சி மறைந்தது!

இங்கிலாந்தில் சோமர்செட் என்று ஒரு மாவட்டம். அங்கே காலர்டு குன்று என்ற புல்மேடு இருக்கிறது.

ஜூன் மாதம் பிறந்ததும் அந்தக் குன்றுக்கு மக்கள் வருகிறார்கள். குனிந்து, புல்லைப் பார்த்தபடி மெல்ல நடக்கிறார்கள்.

எதைத் தேடுகிறார்கள்? ஒரு வண்ணத்துப் பூச்சியை! அதன் பெயர் "பெரிய நீலம்". சிறகை விரித்தால் இரண்டு அங்குலம் இருக்கும். அவ்வளவுதான்.

இந்தப் பூச்சி 1979-ம் ஆண்டில் பிரிட்டனில் அடியோடு அழிந்து போயிற்று. மீண்டும் வந்தது எப்படி? அந்தக் கதையில் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பழி யார் மேல்?

வண்ணத்துப் பூச்சிகளை வலை வீசிப் பிடித்து, ஊசி குத்திப் பெட்டியில் சேர்ப்பவர்கள் அந்த நாட்டில் உண்டு. பழி அவர்கள் மேல் விழுந்தது.

பூச்சி இருந்த ஓர் இடத்தைச் சுற்றி வேலி போட்டார்கள். வலைக்காரர்கள் வரவில்லை. ஆடு மாடுகளும் வரவில்லை. ஆனால், பூச்சி மறைந்துவிட்டது!

காரணம் என்ன? ஜெரமி தாமஸ் என்ற விஞ்ஞானி 1970-களில் புல்வெளியிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்து கண்டுபிடித்தார்.

எறும்பு வளர்க்கும் பிள்ளை

பெரிய நீலம், காட்டுத் தைம் என்ற மணமுள்ள செடியின் மொட்டில் முட்டை இடுகிறது. புழு பொரித்துச் சில வாரங்கள் அந்தப் பூவைத் தின்னும். பிறகு தரையில் விழும்.

அங்கே ஒரு வகைச் சிவப்பு எறும்பு அதைப் பார்க்கும். தன் குஞ்சு என்று நினைத்துப் புற்றுக்குத் தூக்கிப் போகும். புழு அங்கே பத்து மாதம் போல இருந்து, எறும்புக் குஞ்சுகளையே தின்று கொழுக்கும்! பிறகு சிறகு முளைத்து வெளியே வரும்.

அந்த எறும்புக்கு வெதுவெதுப்பான மண் வேண்டும். புல் குட்டையாக இருந்தால்தான் மண்ணில் வெயில் படும். புல்லைக் குட்டையாக வைத்திருப்பவை யார்? மேய்கிற ஆடு, மாடு, முயல்தான்!

மேய்ச்சல் குறைந்தது. 1953-ல் வந்த தொற்று நோயில் முயல்கள் மடிந்தன. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது. எறும்பு போயிற்று. பூச்சியும் போயிற்று.

உண்மை தெரிந்த பிறகு, அளவாக மேயவிட்டுப் புல்வெளியைச் சீராக்கினார்கள். 1983-ல் சுவீடன் நாட்டிலிருந்து பூச்சியைக் கொண்டு வந்து விட்டார்கள். 2000-ம் ஆண்டில் காலர்டு குன்றிலும் விட்டார்கள். பிழைத்துக் கொண்டது!

விறகுவெட்டியின் தோழன்

காட்டிலும் இதே கதைதான். கென்ட் மாவட்டத்தில், கேன்டர்பரி நகருக்குப் பக்கத்தில் பிளீன் காடு இருக்கிறது. அங்கே செம்பழுப்பு நிற வண்ணத்துப் பூச்சி ஒன்று உண்டு. "விறகுவெட்டியின் பின்னால் வருபவன்" என்று அதற்கு ஒரு பெயர். மரத்தை வெட்டித் துளிர்க்க விட்ட இடத்தில் வெயில் விழும். அந்த வெயிலைத் தேடி அது வரும். வெட்டுவதை நிறுத்தினால் காடு இருண்டுவிடும். பூச்சிக்கு இடமில்லை.

பாடம் என்ன?

மனிதன் கால் படாமல் இருந்தாலே இயற்கை பிழைக்கும் என்பார்கள். சில இடங்களில் அது சரி. ஆனால், பல நூறு ஆண்டுகளாக மாடு மேய்ந்த புல்வெளிக்கும், விறகு வெட்டிய காட்டுக்கும் அது பொருந்தாது. அங்கே மேய்ப்பவனும் விறகுவெட்டியும் பகைவர்கள் அல்ல, காவலர்கள்!

அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். வேலி போட்டவர்களுக்கும் பூச்சி மேல் அன்பு இருந்தது. ஆனால், அது எதைத் தின்கிறது, எங்கே தூங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். குழந்தைகளையும் அழைத்துப் போக வேண்டும். வலை வேண்டாம், பெட்டி வேண்டாம். பாதையை விட்டு இறங்க வேண்டாம். பூச்சி எந்தச் செடியில் உட்காருகிறது என்று பொறுமையாகப் பார்த்தால் போதும்.

பார்த்துத் தெரிந்து கொண்டவன்தான் காப்பாற்றுவான். தெரியாதவன் போடும் வேலி, காவல் ஆகாது!